பேறுகால லீவை மைனி எதிர்த்த சாயங்காலம்

மைனி ஜெர்மனியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது எனக்கு மூன்று மாதம். வீட்டில் மாமிக்கு மட்டும் தெரியும். நான் வேலை செய்த அண்டி ஆபீஸில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று கைலியைத் தளர்த்திக் கட்டி, மேலே ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு போய்வந்தேன்.

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப்பருப்பு ஃபாக்டரி. பாறசாலையைச் சுற்றியிருந்த பெண்களுக்கெல்லாம் அன்றைக்கு ஆபீஸ் என்றால் அதுதான். ஒரு கொட்டகையில் வறுத்த அண்டியைத் தல்லி, அதாவது அடித்து, உடைப்பார்கள். இன்னொரு கொட்டகையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பின் தோலை உரிப்போம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால் மேனேஜர் கூப்பிட்டு, "இனி பிள்ள பெத்திட்டு வந்தா போரும்" என்பார். அன்றோடு அவள் பெயரை வெட்டிவிடுவார்கள். பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் சேர வேண்டும். அதுவரை உழைத்த வருஷங்களெல்லாம் போனது போனதுதான். இதை அநியாயம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கர்க்கடக மாதத்தில் மழை பெய்வதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மைனி என் மாமியாரான மாமியின் மகள், என் கணவரின் அக்கா. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு கன்னியாஸ்திரீகள் மூலமாக ஜெர்மனிக்குப் போய் நர்ஸிங் படித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு இருந்தாள். எங்கள் ஊரிலிருந்து கடல் கடந்த முதல் ஆள் அவள்தான். அவள் கை கொடுத்துத்தான் என் கணவர் துபாய்க்குப் போனார். எங்களுக்குக் கல்யாணம் கழிந்து நான்காம் மாதம் அவர் விமானம் ஏறினார். ஏறிப் போன பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து அம்பாசடர் கார் வந்து நின்றதும் பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். மைனி ரோஜா நிறத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மாமி பேரனை வாங்கி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே மகளிடம் கேட்ட கேள்வி இதுதான்:

"ஒனக்க வேலைக்கு என்னாச்சு? விட்டுட்டு வந்தியா?"

"எதுக்கு விடணும்? லீவிலல்லா வந்திருக்கேன். பிள்ள பெறதுக்கு முன்னயும் லீவு உண்டு, பெத்த பெறவும் லீவு உண்டு. அதுகூட வருஷ லீவையும் சேத்து எடுத்தேன்."

"சம்பளம்?"

"அதும் உண்டு."

மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிள்ள பெத்ததுக்குச் சம்பளமா? அங்ஙனயெங்கில் நான் பெத்த பேறுக்கு இஞ்ச ஒரு பங்களா கெட்டியிருக்கலாமே!"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் பிறகு அவள் சொன்னது சிரிக்கும்படியாக இல்லை. எங்கள் வீடு நின்ற பத்து சென்ட் அப்போதுதான் சில வருஷங்களாக எங்களுடையது. குடியிருக்கும் குடிசைக்குப் பத்து சென்ட் என்று சட்டம் வந்து மாமி பெயரில் பட்டயம் கிடைத்திருந்தது. அதற்கு முன் அது ஜன்மி என்கிற நிலவுடைமைக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. அவர் வீட்டில் வேலை என்று ஆள் வந்து கூப்பிட்டால் உடனே போயாக வேண்டும்.

"இவளுக்கத் தம்பியப் பெத்த அடுத்த வாரம் களத்தில நின்னு நெல்லு மெதிச்சேனாக்கும். போவாட்டி குடியப் பிரிச்சு எறிஞ்சிருவான். பாலு கெட்டி நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, காலு பாட்டுக்கு மெதிக்குது" என்றாள் மாமி.

மைனி பிள்ளையைத் தொடையில் போட்டு எண்ணெய் தேய்த்தபடி, "அம்மா, இப்பம் அங்க இதாக்கும் பெரிய சண்டை" என்றாள். இருக்கிற லீவு போதாது, இன்னும் பல மாதம் கூட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. கூட்டினால் பெண்களை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. ரேடியோவைத் திருகினாலும் பேப்பரைப் பிரித்தாலும் அதுதானாம். பக்கத்து நாடுகளிலும் இதே பேச்சு. ஒரு நாட்டில் கூடுதல், ஒரு நாட்டில் குறைவு, அதைக் காட்டி இதைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வடக்கே, ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கிற ஒரு நாட்டில், பிள்ளையின் அப்பனுக்கும் லீவு கொடுக்கிறார்களாம்.

"அப்பனுக்கா?" என்று நானும் மாமியும் ஒன்றாகக் கேட்டோம். "அவன் லீவெடுத்து என்னத்தச் செய்வான்?"

"பிள்ளையக் குளிப்பாட்டுவான்" என்றாள் மைனி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. லீவு என்ற சொல்லே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு தெரியும். ஓணம், கிறிஸ்துமஸ் லீவு தெரியும். பிள்ளை பெறுவதற்கு என்று ஒரு லீவு, அது முடிந்து போனால் அதே இருக்கையில் அதே பெயரோடு உட்காரலாம் என்பதை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் ஆபீஸில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கஞ்சி குடிக்க மணி அடிப்பதற்குள் தல்லுக் கொட்டகை வரை போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் முற்றம் நிறையப் பெண்கள். சாதாரணமாக வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்தால் சோப்பையும் சேலையையும் பார்க்கத்தான் வருவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

"எக்கா, லீவில இருக்கும்போ வேற ஆள எடுத்திட்டா?"

"எடுக்கலாம். ஆனா நான் போவும்போ எனக்க எடம் எனக்குத்தான்."

"பிள்ள செத்துப்போனா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு அப்படி நடந்திருந்தது. மைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பவும் தாய்க்கு லீவு உண்டு மக்கா. ஒடம்பு தேறண்டாமா?" என்றாள். அந்தப் பெண் மைனியின் கையை விடாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிய சேதி வாயனசாலை செயலாளர் காதுக்கும் எட்டியது. வாயனசாலை என்பது ஊர்ப் படிப்பகம். செயலாளர் ஒரு தையல்காரர். கழுத்தில் டேப்பைப் போட்டபடியே உலக விஷயம் பேசுவார். ஓணத்துக்கு வாயனசாலையின் ஆண்டுவிழா. அதில் ஒரு வாதம் உண்டு. அந்த வருஷத்துக்கு விஞ்ஞானம் நல்லதா கெட்டதா என்று ஏற்கெனவே நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அதை மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பிரசவ லீவைக் கூட்டணுமா வேண்டாமா? இதாக்கும் விஷயம். ஐரோப்பாவில உள்ள வழக்கு நம்ம வாயனசாலைக்கும் வருகு! அண்டி ஆபீஸ் மேனேஜர் எதிர்த்துப் பேச ஒத்துக்கிட்டார். நெய்யாற்றின்கரையில இருந்து ஒரு வக்கீல் தலைமைக்கு வாறார். கூட்டணும்னு பேச நீங்க வரணும்."

மைனி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "வாறேன். ஆனா நான் எதிர்த்துத்தான் பேசுவேன்" என்றாள்.

மாமி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி, நீ லீவும் எடுத்து, சம்பளமும் மேடிச்சு, இப்பம் மத்தவளுக்கு வேண்டாம்னு சொல்லுவியா?"

"வேண்டாம்னு சொல்லல்ல அம்மா. கேட்டாப் புரியும்."

"எனக்கு இப்பமே புரியணும்!"

மைனி அதற்கு மேல் சொல்ல மறுத்துவிட்டாள். செயலாளரின் கவலை வேறு. எதிர்க்க இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்; ஆதரித்துப் பேச ஆள் இல்லை. தனுவச்சபுரம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்கிறேன் என்றார். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. மேனேஜர் அந்த மேடையில் இருப்பார் என்ற நினைப்பு மட்டும்தான் தலையில் இருந்தது.

"நான் பேசுகேன்" என்றேன்.

"நீயா?" என்றாள் மாமி.

மைனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கொள்ளாம். எனக்கு எதிராப் பேசதுக்கு நல்ல ஆளுதான்."

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீடு தேர்தல் நேரம்போல இருந்தது. நான் துணி துவைத்துக்கொண்டே பேசிப் பார்ப்பேன். மாமி என் கட்சி. ஆட்டுக்குத் தழை போடும்போதுகூட, "அதையும் சொல்லு, ஜன்மி வீட்டுக் களத்தையும் சொல்லு" என்று நினைவூட்டுவாள். மைனி வேண்டுமென்றே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பிள்ளைக்குத்தான் என் பேச்சு முழுவதும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை மாறி நின்றது. வாயனசாலை முன்னால் பந்தல். அதிகமும் பெண்கள். களியக்காவிளைப் பக்கமிருந்து, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் பெண்களும் நடந்தே வந்திருந்தார்கள். எங்கள் ஆபீஸில் அவர்களும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் தன் புது டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, அது ஓடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மேனேஜர் பேசினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸில் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. அன்றும் அமைதியாக, நல்ல மலையாளத்தில் பேசினார். தாய்மை புனிதமானது என்று தொடங்கினார். ஆனால் கப்பல் காத்திருக்காது, பருப்பு போய்ச் சேராவிட்டால் வெளிநாட்டுக்காரன் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வான், லீவு கூட்டினால் முதலாளி பெண்களுக்குப் பதில் மெஷினைத்தான் வைப்பார் என்றார். கடைசியில், "இங்கே தொந்தரவு கூடினால் ஃபாக்டரியை எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கூலி காரணமாகப் பலர் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அந்த ஒரு பேச்சுக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். எல்லை கூப்பிடு தூரம்தான். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

தலைமை வகித்த வக்கீல் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "தலைவர் இடையில் பேசக் கூடாது. ஆனாலும் ஒரு விஷயம். கூலி ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறே. பிரசவ லீவுச் சட்டம் டெல்லியில் போட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். அது வந்து வருஷம் பல ஆயிற்று. பெயரை வெட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதனால் இன்றைக்கு நாம் கூட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். இருப்பது இருக்கத்தான் செய்கிறது."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் ஃபாக்டரியில் நடப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அலைபோலப் பரவியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். இருக்கா? நமக்கும் இருக்கா? பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். மாமி எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு வாரம் நான் படித்துவைத்த பேச்சு முழுவதும் அந்த நேரத்தில் பறந்துபோய்விட்டது.

செயலாளர் என் பெயரைக் கூப்பிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன். என் மூச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"பறயு மோளே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்குப் பேச்சு மறந்துபோச்சு" என்றேன். சிரிப்பு. "ஒண்ணே ஒண்ணு சொல்லுகேன். லீவக் கூட்டணும்னு பேச வந்தேன். இருக்குதுன்னே இப்பந்தான் கேட்டேன். எங்க ஆபீஸில வயறு தெரிஞ்சா பேரு போவும். எனக்கும் போவும்." தோர்த்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இப்பம் எனக்கு நாலாம் மாசம்."

தல்லுக் கொட்டகைப் பெண்கள் குலவை இட ஆரம்பித்தார்கள். சுவர் மேல் இருந்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"சாரே, நாளைக்கு நான் வேலைக்கு வருவேன். எனக்க பேரு இருக்குமா?"

வக்கீலும் திரும்பி அவரைப் பார்த்தார். செயலாளர் ஓடிப்போய் இன்னொரு மைக்கை அவர் கையில் கொடுத்தார். மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பந்தலில் அத்தனை பேர் முன்னால் அவருக்குச் சொல்ல ஒரு சொல்தான் இருந்தது.

"இருக்கும்" என்றார்.

பிறகு எழுந்த சத்தத்தில் ஸ்பீக்கர் கீச்சிட்டது. அதன் நடுவில்தான் மைனி எழுந்தாள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

"எனக்கத் தம்பிக்க பெண்டாட்டி பேசினது சரியாக்கும். இருக்குத லீவ விடாதீங்க, புடுங்கி மேடிக்கணும். ஆனா கூட்டணுமான்னு கேட்டா, தாய்க்கு மட்டும் கூட்டாதீங்கன்னு சொல்லுவேன்."

கூட்டம் மெல்ல அடங்கியது.

"எங்க ஆஸ்பத்திரியில வார்டுக்கு ஒரு ஹெட் நர்ஸ் வேணும். எனக்குத்தான் வரணும். எனக்கு வயித்தில உண்டுன்னு தெரிஞ்சதும் வேற ஆளுக்குக் குடுத்தாங்க. நீ இனியும் லீவில போவியேன்னு சிரிச்சிட்டே சொன்னாங்க. இப்பம் உள்ள லீவுக்கே இப்படி. இன்னும் பல மாசம், அதும் பொம்பளைக்கு மட்டும்னா, பொம்பளை வேணும்னு எவன் சொல்லுவான்? மேனேஜர் சார் சொன்ன பயம் பொய்யில்ல. அதுக்கு மருந்து லீவு கொறைக்கது இல்ல. ஆம்பளைக்கும் குடுக்கணும். ஆணும் பெண்ணும் ஒருபோல லீவில போனா, அப்பம் யாரைப் பாத்து வேண்டாம்னு சொல்லுவான்?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "எக்கா, பிள்ளைக்க அப்பன்மாரு பாதி துபாயில கெடக்கு! ஷேக்கு தருவானா லீவு?"

"கேட்டுப் பாத்தியளா?" என்றாள் மைனி.

அவர் உட்கார்ந்துவிட்டார். மைனி சிரிக்கவில்லை. "எனக்கத் தம்பிக்குப் பிள்ள பெறக்கப் போவுது. அவன் எப்பம் காணுவான்? பிள்ள நடந்து வந்து மாமான்னு கூப்பிடும். இது தாய்க்க கஷ்டம் மட்டுமா?" என்றாள். துபாய்க்கு ஆளை அனுப்பியிருந்த பெண்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. டேப் ரிக்கார்டரின் மேல் குனிந்திருந்த அண்ணன் மட்டும் தலையை நிமிர்த்தாமலே இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றும் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை.

தீர்ப்பு சொல்ல முடியாது, கை தூக்குங்கள் என்றார் வக்கீல். என் பக்கம் கைகள் எழுந்தன. மைனி பக்கமும் எழுந்தன. மாமி இரண்டு தடவையும் தூக்கினாள். செயலாளர் எண்ணிப் பார்த்து, குழம்பி, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சோப்புப் பெட்டியைக் கொடுத்து விழாவை முடித்தார்.

மறுநாள் என் பெயர் இருந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஓணம் கழிந்து சில நாளில் தல்லுக் கொட்டகையில் ஒருத்தியை மேனேஜர் கூப்பிட்டு, பழையபடி பிள்ளை பெற்றுவிட்டு வரச் சொன்னார். அவள் அழுதுகொண்டே எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

நான் எழுந்து அவரிடம் போனேன். "சாரே, இருக்கும்னு சொன்னீங்களே?"

"ஒனக்குச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, மோளே. கொல்லத்தில முதலாளி இருக்கார்."

நான் திரும்பி வந்து உட்காரவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் தன் பருப்பு முறத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். முறங்கள் கவிழும் சத்தம் கொட்டகையின் அந்தக் கோடி வரை போயிற்று. தல்லுக் கொட்டகையில் அண்டி உடைக்கும் கொட்டன்களின் சத்தம் நின்றது. வறுக்கிற இடத்தில் இருந்த ஆண்கள் என்னவென்று எட்டிப் பார்த்து, அவர்களும் விறகை வெளியே இழுத்துத் தீயை அணைத்துவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. எல்லோரும் வெளியே வந்து கொல்லாமா என்கிற முந்திரி மரத்தின் நிழலில் உட்கார்ந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி மேனேஜரிடம், "ஆபீஸ எங்க ஊருக்கு மாத்துங்க சாரே, எனக்கு நடை மிச்சம். சட்டம் அங்கயும் உண்டாமே?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கொல்லத்துக்கு டெலிபோன் செய்யப் பாறசாலை போஸ்ட் ஆபீஸுக்குப் போனார். அவர் திரும்பி வரும் வரை நாங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபாக்டரியைப் பூட்டிவிட்டால்? அடுப்பு எரியாத வீடுகள் எங்களுக்குள் நிறைய. ஆனாலும் ஒருத்தியும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. வெயில் சாயும்போது அவருடைய சைக்கிள் வளைவில் தெரிந்தது. இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, ரொம்ப மெதுவாக எங்கள் பக்கம் வந்தார்.

"எல்லாருக்கும் உண்டு" என்றார். "பேரு வெட்ட மாட்டோம். லீவுக்குள்ள கூலியும் சட்டப்படி தருவோம். இப்பம் போய் வேலையப் பாருங்க."

வேலை நேரம் முடிந்துபோயிருந்தது. அதைக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை. தல்லுக் கொட்டகைப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தாடினோம். அவளும் நானும் ஒரே மாதத்தில் பெற வேண்டியவர்கள்.

மைனி லீவு முடிந்து போனாள். அவள் போன பிறகு அந்த நாட்டில் சட்டம் வந்தது. தாய்க்கு மட்டும் பல மாதம் கூட்டினார்கள். "நான் சொன்னது நடக்கல்ல, நீ ஜெயிச்சிட்டே" என்று அடுத்த தடவை வந்தபோது சொன்னாள். இன்னும் சில வருஷம் கழித்து அங்கே அப்பன்மாருக்கும் வழி திறந்தது. அந்தத் தடவை அவள் வந்து இறங்கிய தோரணையைப் பார்க்க வேண்டும். சட்டத்தை அவளே எழுதியதுபோல.

எனக்கு நெய்யாற்றின்கரை அரசாங்க ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். லீவில் இருந்தேன். பகலில் பிள்ளையோடு படுத்து உறங்கினேன். மாமி ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பார்த்து, "உறங்கு, உறங்கு. சம்பளத்தோட உறங்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் வாசலில் நின்று பிள்ளையைப் பார்ப்பார்கள். தல்லுக்காரிகள் தொட மாட்டார்கள். அண்டி எண்ணெயில் அவர்கள் கை கறுத்து வெந்திருக்கும். தூரத்தில் நின்றே விரலை ஆட்டிக் காட்டுவார்கள்.

வாதத்தைப் பதிவு செய்த கேசட்டைப் பக்கத்து வீட்டு அண்ணன் திரும்பிப் போகும்போது துபாய்க்குக் கொண்டுபோயிருந்தார். என் கணவரின் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆரியங்கோட்டுக்காரர்கள், செங்கல் என்ற ஊர்க்காரர்கள். என் மகளுக்குக் கழுத்து நிற்கத் தொடங்கிய சமயம் அங்கிருந்து ஒருவர் லீவில் வந்து, பதில் கேசட் ஒன்றைத் தந்தார். ஒரு டேப் பெட்டியை இரவல் வாங்கிப் போட்டோம். முற்றம் நிறையப் பெண்கள்.

முதலில் என் கணவர் குரல். நான் மேடையில் பேசியதைக் கேட்டு அறையில் உள்ளவர்கள் தன்னைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்களாம். மறுநாளே ஃபோர்மேனிடம் போய், மனைவிக்குப் பிரசவம், லீவு வேண்டும் என்று கேட்டாராம். "பிள்ளையை நீயா பெறப்போகிறாய்?" என்று அவன் சிரித்தானாம். "அவன் சிரிச்சா சிரிக்கட்டு. நான் கேட்டேன். அக்காகிட்ட சொல்லு, நான் கேட்டேன்னு."

பிறகு அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் பேசினார்கள். தங்கள் பிள்ளையை முதலில் பார்த்தபோது அதற்கு எத்தனை வயது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் தன் மகன் தன்னைக் கண்டு பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் நின்றுவிட்டது. டேப் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மனைவி எங்கள் கூட்டத்தில்தான் இருந்தாள். முறம்போட்டு என் பக்கத்தில் உட்காருகிறவள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியையே பார்த்தாள்.

இடையில் யாரோ பெரிய குரலில், "நம்மளும் கை தூக்குவோம்லே!" என்றார். அங்கே ஒரே சத்தம், சிரிப்பு, கட்டில் கிரீச்சிடுவது. யார் பக்கம் எத்தனை கை என்று அவர்கள் சொல்லவில்லை. கேசட்டில் கை தெரியாது என்பது அவர்களுக்கு அப்புறம்தான் உறைத்திருக்கும்.

"எந்தப் பக்கம் தூக்கினாங்க?" என்று மாமி கத்தினாள்.

நாங்கள் பெட்டியை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கமாக இருக்கும் என்று சண்டை போட ஆரம்பித்தோம்.